பல்லுக்குள் ப்ளீச்சா?

சென்ற மாதம், மன்னார் டவுனில் ஒரு பல் வைத்தியரின் கதிரையில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. வெள்ளைச் சட்டையில் கறை எடுக்க வாங்கி வைத்திருக்கிறோமே... ப்ளீச். அதே மணம்.

போத்தல் மாறிவிட்டதோ?

கேட்கவும் வழியில்லை. நோகும் பல்லை மட்டும் வெளியே விட்டு, வாயை ஒரு ரப்பர் விரிப்பால் மூடியிருந்தார்கள். கையைத் தூக்கினேன்.

“நோகுதோ அக்கா?” வைத்தியர் பல்லுக்குள் மருந்து விட்டுக்கொண்டிருந்த ஊசியை வெளியே எடுத்தார். என் மகள் வயதுப் பெண்.

இல்லையென்று தலையாட்டிவிட்டு, மடியில் கிடந்த ஃபோனில் தட்டிக் காட்டினேன்: ‘இது ப்ளீச்சா?’

அவர் சிரிக்கவில்லை. “ஓம். அந்த இனந்தான். பல்லுக்கெண்டு அளவாக் கலந்தது.”

ஓமாமே. இல்லையென்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

கீழ்க் கடைவாய்ப் பல் அது. மறுபக்கத்துப் பற்கள் முன்பே போய்விட்டதால், சாப்பாடெல்லாம் இந்தப் பக்கத்தால்தான். “பிடுங்கிப் போட்டு வாருமன்” என்றுதான் வீட்டுக்காரர் அனுப்பினார். வைத்தியரோ எக்ஸ்ரேயைக் காட்டி, பல்லைக் காப்பாற்றலாம் என்றார். “ஆனா வேர் வளைஞ்சு கிடக்குது அக்கா. கம்பி விட்டுச் சுரண்டினாலும் எல்லா மூலைக்கும் போகாது. பலமாத் தள்ளினா கம்பி உள்ளுக்கயே முறிஞ்சிடும். மிச்சத்த மருந்துத் தண்ணிதான் கழுவோணும்.” நானும் தலையாட்டினேன். மருந்துத் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர் மாதிரி ஏதோ என்று நினைப்பு.

திரும்பவும் தட்டினேன்: ‘என்ன செய்யும்?’

“கிருமியக் கொல்லும். செத்த தசையக் கரைக்கும்.”

‘உயிருள்ள தசையை?’

“பல்லுக்கு வெளியில போனா அதையும் புண்ணாக்கும். அதாலதான் இந்த விரிப்பு. ஊசியையும் வேர் நுனி வரைக்கும் விடாம, மெல்ல மெல்லக் கழுவுறன். பயமெண்டா நிப்பாட்டுறன் அக்கா. பிடுங்குறதெண்டாலும் பிடுங்கலாம். நீங்களே சொல்லுங்கோ.”

நானே சொல்வதா? வாய் விறைத்துக் கிடக்கிறது, தலைக்கு மேல் லைட் எரிகிறது, எனக்கென்ன தெரியும்? எழுந்து ஓடினால் பல் போகும். படுத்திருந்தால்... என்ன போகும் என்றே தெரியவில்லை. விரலால் ‘செய்யுங்கோ’ என்று காட்டினேன். துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். முடிவெடுக்கத் தெரியாமல் எடுத்த முடிவு.

மெல்லத்தான் கழுவினார். பிறகு மெல்லிய கம்பியொன்றை உள்ளே விட்டு அந்தத் தண்ணீரை அதிரவைத்தார். காதுக்குள் நுளம்பு புகுந்து ரீங்கரித்த மாதிரி ஒரு சத்தம். கடைசியில் உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, திரும்பவும் வரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாளே பல் நோ போய்விட்டது.

“நோ இல்லையெண்டா பிறகேன் போறீர்?” என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதானே? பதில் தெரியாமலேதான் பஸ் ஏறினேன்.

வைத்தியர் அடைப்பைத் திறந்தார். காகிதத் திரி ஒன்றை வேருக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். நுனி மஞ்சளாக நனைந்திருந்தது. “சீழ் இன்னும் நிக்குது அக்கா. வராம விட்டிருந்தா திரும்ப வீங்கியிருக்கும்.”

நோவே இல்லாத இடத்தில் சீழ்! என் பல்லைப் பற்றி எனக்கே தகவல் இல்லை. மறுபடி கழுவல், மறுபடி அந்த மணம். இந்த முறை கையைத் தூக்கவில்லை.

அதற்கடுத்த முறை திரி காய்ந்து வந்தது. நிரந்தரமாக அடைத்தார். “இப்ப உள்ளுக்க முழுக்கச் சுத்தமோ?” என்று வாய் திறந்தே கேட்டேன்.

“முழுக்க எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது அக்கா. கிருமி பெருகாத அளவுக்குக் கழுவியிருக்கு. கொஞ்சக் காலம் போக ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்பம்.”

பிடுங்கு, போகாதே என்று அடித்துச் சொன்ன வீட்டுக்காரரைவிட, சொல்ல ஏலாது என்ற இந்தப் பிள்ளையைத்தான் எனக்கு நம்பத் தோன்றியது. ஏன்? அதுவும் விளங்கவில்லை.

“சரி” என்றேன். என்ன சரி என்று மட்டும் கேட்காதீர்கள்.