வண்டி மூக்கில் பூசிய விபூதி

காலை, ஜப்பான் மணி ஒன்பது. நம்முடைய பழைய மணிக்கு ஏழரை. ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சூரியன் மட்டும் பினாங்குச் சூரியனாகவே இருந்தது. டத்தோ கெராமட் ரோட்டில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து புறப்பட்டேன். போகவேண்டிய இடம் தீவின் மறுபக்கம், பாலிக் பூலாவ். ஜெலுத்தோங், கெலுகோர், பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் வழியாகப் பதினெட்டு மைல் இருக்கும்.

பிள்ளைகளே, இன்றைக்கு பஸ் ஏறினால் தூங்கி விழிப்பதற்குள் வந்துவிடும் ஊர்தான் அது. அன்று எனக்கு ஆறேகால் மணி நேரம் ஆயிற்று. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, சின்னவன் கைக்குழந்தை. உங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் ஓட்டியது கரி லோரி. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிப்புகையில் ஓடும். அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர். அது சாமான் டிரெய்லர் அல்ல, இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கும் சின்னப் பலகை வீடு. முன்பக்கம் பெட்டி வைத்த கட்டில், நடுவில் தரை, பின்பக்கம் கதவு. வெள்ளைக்கார முதலாளி ஒருவர் சண்டை வந்ததும் போட்டுவிட்டு ஓடியது. பாலிக் பூலாவில் இருந்த ஜப்பான் அதிகாரி அதில் தங்க ஆசைப்பட்டார். கொண்டுபோய் விடுவது என் வேலை. கையில் ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் பாஸ். காவலுக்கு ஒரு சிப்பாய்.

சிப்பாய்க்குத் தெரியாதது ஒன்று உண்டு. முன்கட்டில் பெட்டிக்குள் உங்கள் ராசு மாமா படுத்திருந்தார்.

உங்கள் அம்மாவின் ஒரே தம்பி. அப்போது இருபத்திரண்டு வயது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி நம் வரிசை வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள். ஒரு கடிதம் இல்லை. அடுத்த பட்டியலில் மாமா பெயர். ஆறு நாள் நம் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். பாலிக் பூலாவுக்கு ஒரு மைல் முன்னால் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த பாக் மாட் எனக்குப் பழைய சிநேகிதர். அங்கே சேர்த்துவிட்டால் பிழைப்பார். வழியில் பிடிபட்டால் அவரும் இல்லை, நானும் இல்லை.

பட்டறை திறப்பதற்கு முன்பே அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். பெட்டிக்குள் இறங்கும்போதும் மாமாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், பொட்டியில வச்சி மூடுறீங்க? என்னைப் பாத்தா சீர் சாமான் மாதிரி இருக்கா?"

"சீர் சாமானா இருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். வாயை மூடிட்டுப் படு லா."

மூடினேன். பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இனி டிரெய்லரை லோரியோடு மாட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும். லோரியின் பின்னால் ஓர் இரும்பு உருண்டை, ஆரஞ்சுப் பழம் அளவு. டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணத்தை உருண்டைமேல் கவிழ்த்தால், அடியிலுள்ள ஒரு நாக்கு ஸ்பிரிங்கின் வேகத்தில் 'டக்' என்று வந்து உருண்டையைக் கவ்விக்கொள்ளும். உருண்டைக்குக் கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் தேய்ந்து ஊர் முழுக்கக் கேட்கும். நாக்குக்குக் கிரீஸ் ஆகாது, இரண்டு சொட்டு எண்ணெய் போதும். பழைய அழுக்கைத் துடைக்காமல் புதியது பூசக்கூடாது. பூசியபின் துணி கட்டி மண் படாமல் மூட வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

அன்று கிரீஸ் ஏது? ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் எட்டு வெள்ளிக்கு வாங்கி, அதில் மெழுகுவத்தியை உருக்கிக் கலந்து, அதைத்தான் பூசினேன். துறைமுகத்துப் பழைய சங்கிலி ஒன்றை லோரிக்கும் டிரெய்லருக்கும் குறுக்கே மாட்டினேன். துணி எடுக்க உள்ளே போய்வருவதற்குள் அம்மா விபூதிச் சம்புடத்தைத் திறந்துவிட்டாள். லோரியின் நெற்றியில் மூன்று பட்டை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். என் நெற்றியிலும் பூசினாள். பிறகு பின்னால் போய்க் குனிந்தாள்.

"அங்க எதுக்கு? அது எண்ணெய்ப் பிசுக்கு."

"ஏங்க, இந்தக் கொக்கியிலதானே அவன் உசிரு தொங்குது? இதுக்குத்தான் மொதல்ல பூசணும்."

ஒரு பிடி பூசினாள். உருண்டையில், கிண்ணத்தில், நாக்கில், ஸ்பிரிங்கில். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது, சிப்பாய் வந்துவிட்டான். பட்டறை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த டிரெய்லர் மூக்கை அவசரமாக உருண்டைமேல் இறக்கினேன். நாக்கு 'டக்' என்று சொன்னதா இல்லையா என்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பத்து மணி, கெலுகோர். சிப்பாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பரு மாறாத வயது. அவனுக்குத் தெரிந்த மலாய் பத்துப் பதினைந்து வார்த்தை. அதில் அதிகம் வந்தது 'லகாஸ்'. சீக்கிரம் என்று அர்த்தம். கரி லோரிக்கு அது புரியவில்லை. மணிக்கு எட்டு மைலுக்கு மேல் போகமாட்டேன் என்றது. சாலையில் மரவள்ளிக்கிழங்கு சுமந்த சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின.

பதினொன்றே கால், பாயான் லெப்பாஸ். விமானத் திடலுக்குப் பக்கத்தில் காவல் சாவடி. இறங்கி, இடுப்பு மடிய வணங்கி, பாஸைக் காட்டினேன். சாவடிக்காரன் டிரெய்லரைச் சுற்றி வந்து துப்பாக்கிக் கட்டையால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான். சரியாக மாமாவின் தலைமாடு. உள்ளே மூச்சில்லை. எங்கள் சிப்பாய் தலையை நீட்டி அதிகாரியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து சிவந்த மண் சாலை. தெலுக் கும்பார் தாண்டியதும் பின்னாலிருந்து 'நற நற' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. வாய் நிறைய மணலை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது மாதிரி. "பீசிங்!" என்று சிப்பாய் என் பின்மண்டையில் ஒன்று வைத்தான். சத்தமாம்.

அங்கேயே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தினால் அவனும் இறங்குவான், இறங்கினால் உள்ளே எட்டிப் பார்ப்பான் என்ற பயத்தில் நிறுத்தவில்லை. தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் அல்ல அது.

பன்னிரண்டரை மணி, மலையேற்றம். இடது பக்கம் பள்ளம், அடியில் மரங்களின் உச்சி தெரிந்தது. கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவில் முன்சக்கரம் குழியில் இறங்கி ஏறியது. பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். லோரி திடீரென்று இலேசாகி முன்னால் பாய்ந்தது. அடுத்த நொடி யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றது.

கொக்கி கழன்றுவிட்டது. சங்கிலி மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தி, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஓடிப்போய்ச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தேன்.

கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் களிம்பு. முகர்ந்தால் விபூதி வாசம்.

இந்தியாவிலிருந்து விபூதி வருவது நின்றுபோயிருந்த காலம். அம்மாவே சாணம் எரித்து, பழைய வேட்டியில் சலித்து வைத்தது. வேட்டி நைந்துபோனது, மணலும் கூடவே இறங்கிவிட்டது. அது எண்ணெயோடும் மெழுகோடும் சேர்ந்து, நாக்கைப் பாதி வழியிலேயே பிடித்து வைத்திருந்தது. இத்தனை மைலும் மாமா வந்தது பாதிக் கடியில்.

மூங்கில் சீவல் ஒன்றை ஒடித்துச் சுரண்டினேன். மீதி எண்ணெயில் பாதியை ஊற்றிக் கழுவினேன். சட்டையின் கையைக் கிழித்துத் துடைத்தேன். நாக்கை முப்பது தடவையாவது இழுத்து விட்டிருப்பேன். கடைசியில் 'டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இனி மூக்கைத் தூக்கி உருண்டைமேல் வைக்க வேண்டும். நானும் சிப்பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். முழங்கால் அளவுக்குக்கூட வரவில்லை. வருமா? சரியாக மூக்குக்கு மேலே ஓர் ஆள் படுத்திருக்கிறார்.

சிப்பாய் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கையாலேயே கேட்டான். நாற்காலி, மெத்தை என்று நானும் கையாலேயே சொன்னேன். அவன் பின்பக்கம் நடந்தான். கதவை உலுக்கினான். "புக்கா!" என்றான். திற. சாமானை இறக்கிவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்திருக்கிறான். நினைப்பு நியாயமானதுதான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, என் நெற்றி விபூதியைக் காட்டி, முதலில் சாமி கும்பிட வேண்டும் என்று சைகை செய்தேன். மூக்குப் பக்கம் வந்து நின்று, கண்ணை மூடி, காவடிக்குப் பாடுகிற ராகத்தில் உரக்க எடுத்தேன்.

"முருகா! என் பொண்டாட்டிக்குத் தம்பியே! பொட்டியை விட்டு எறங்கய்யா! சத்தமில்லாம பின்னால தவந்து போ, கதவோரமாப் படுத்துக்கோ! வெளியில ஜப்பான்காரன் நிக்கிறான், தும்மிடாதே சாமி!"

ஒன்றும் அசையவில்லை. சிப்பாய் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். குரலை ஏற்றினேன்.

"ராசு! காதுல என்ன பஞ்சா? உன்னைத்தாண்டா! பின்னால போடா, கந்தா, கடம்பா!"

பலகை மிக மெதுவாக ஒருமுறை முனகியது. அது சிப்பாய்க்குக் கேட்டிருக்குமோ என்று பயந்து, "அரோகரா!" என்று கத்தினேன். அவனும் என்ன நினைத்தானோ, தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான்.

மறுபடி தூக்கினோம். மூக்கு கோழிக்குஞ்சுபோல மேலே வந்தது. கிண்ணம் உருண்டையில் உட்கார்ந்தது. டக்.

சிப்பாய் தன் கைகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "கமிசாமா" என்று மெல்லச் சொன்னான். அது அவர்கள் பாஷையில் கடவுள். பிறகு சிரித்தான். ஏதோ ஒரு நெல்வயல் ஊரின் பையன் சிரிப்பு. ஆனால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுதான் சிரித்தான்.

மெல்லிசாக எண்ணெய் மெழுகு பூசி, சட்டையின் இன்னொரு கையையும் கிழித்துச் சுற்றிக் கட்டினேன்.

ஒன்றேமுக்கால் மணி, மலை உச்சி. இனி இறக்கம். வாலில் பாரம் வைத்த டிரெய்லர் இறக்கத்தில் பாம்பு மாதிரி ஆடும். ஆட்டம் கூடினால் லோரியையும் சேர்த்துக் கவிழ்க்கும். மாமாவை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், சிப்பாயே என் தோளைத் தட்டி, கீழே வளைந்து போகும் சாலையைக் காட்டி, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினான். கும்பிடு என்கிறான்.

இறங்கிப் போய்க் கொக்கியில் கை வைத்தேன். "முருகா, நடுவுக்கு வாய்யா! தரையில அப்படியே படு, உருளாதே!" இந்தத் தடவை மாமா உடனே கேட்டுக்கொண்டார்.

இரண்டே முக்கால், பாக் மாட்டின் தோட்டம். அடுப்புக்குக் கரி போட வேண்டும் என்று நிறுத்தினேன். பாக் மாட் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். சிப்பாய் இரண்டு குடித்தான். மூன்றாவதற்குக் கை நீட்டினான். நான் சாவியை நழுவவிட்டேன், பாக் மாட் அதன்மேல் காலை வைத்துக்கொண்டார். நான் அடுப்பைக் கிண்டிக் கரும்புகையைக் கிளப்பினேன். புகை கலைந்தபோது சாவி லோரியின் படியில் இருந்தது. தோட்டத்துக்குள் ஓர் ஈர முதுகு மரங்களுக்கு இடையே போனதைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றேகாலுக்கு அதிகாரியிடம் டிரெய்லரை ஒப்படைத்தேன். கழற்றும்போது அடியில் துளி மண் இல்லை. புறப்படும் நேரத்தில் சிப்பாய் ஓடி வந்தான். என் நெற்றியைத் தொட்டுக் காட்டி, தன் நெற்றியைக் காட்டினான். அவன் அடுத்து எந்தப் போர்முனைக்குப் போகிறானோ. என்னிடம் விபூதி இல்லை. பையில் இருந்தது அந்தக் கிழிந்த சட்டைக் கை, கிண்ணத்தில் வழித்தெடுத்த களிம்போடு. அதில் விரலைத் தொட்டு அவன் நெற்றியில் இழுத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பட்டை. அவன் கையில்லாத என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு சிகரெட் கொடுத்தான்.

திரும்பும் வழியில் பின்னால் ஒன்றும் இல்லை. ஆனாலும் வளைவு வரும்போதெல்லாம் காது பின்னாலேயே போயிற்று. பாலிக் பூலாவ் பக்கம் காற்றில் கிராம்பு வாசம், மனிதர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். கெலுகோர் தாண்டி டவுனுக்குள் நுழைந்தால், எல்லாரும் தரையைப் பார்த்தபடி. ஒரே தீவுதான்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சேந்துட்டானா?"

"சேந்துட்டான்."

"நான் பூசினேனே, விபூதி. அது காப்பாத்துச்சா?"

மலையில் சங்கிலி விறைத்துக்கொண்டு நின்றது என் கண்ணுக்குள் வந்தது. சிப்பாய் தலை குனிந்ததும் வந்தது.

"காப்பாத்துச்சு," என்றேன்.

ராசு மாமா இப்போது கடலுக்கு அக்கரையில், பிறை ஊரில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "முருகா, கொஞ்சம் நடுவுக்கு வாங்க" என்று எதற்குச் சிரிக்கிறார் என்று இனி உங்களுக்குத் தெரியும். நம்மிடமும் இப்போது ஒரு லோரி, ஒரு சின்னச் சாமான் டிரெய்லர் இருக்கிறது. ஆயுத பூசைக்கு அம்மா லோரிக்குப் பட்டை போட்டுவிட்டு, நேராகப் பின்னால் போய்க் கொக்கி நிறையப் பூசுகிறாள். அவள் உள்ளே போனதும் அப்பா துணியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு பின்னால் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எதற்கு என்று சின்னவன் ஒருமுறை கேட்டான். இதுதான் காரணம்.

துடைக்கும்போது கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஒரு பட்டையை மட்டும் விட்டுவிடுவேன். இந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.