மூன்று விரல் நூல்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு ஐம்பதுக்கு நான் கத்தரிக்கோலை எடுத்தேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பையனின் பெற்றோர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

துபாயில் எங்கள் வீடு நான்காம் மாடியில். பதினோராம் மாடியில் ஒரு யூதக் குடும்பம். ஏழு வயது மகனை அன்று என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார்கள். அவன் மாம்பழச் சாற்றை மேலே கொட்டிக்கொண்டான். சட்டையையும், உள்ளே அணிந்திருந்த கையில்லாத வெள்ளை உடுப்பையும் மிஷினில் துவைத்து இஸ்திரி போட்டேன். உடுப்பின் நான்கு மூலைகளிலும் நீள நீளமாக நூல் தொங்கியது. மிஷின் பிய்த்துவிட்டது, முடிச்சுகளும் அதிலேயே விழுந்த சிக்கல் என்று நினைத்தேன். அடுத்த வீட்டுத் துணியை அப்படித் திருப்பித் தர எனக்கு மனம் வராது. ஒரு மூலையில் மூன்று விரல் அளவு விட்டு நறுக்கினேன். அடுத்த மூலையைப் பிடித்தபோது மகள் வந்துவிட்டாள்.

"அம்மா, ஸ்டாப். அது அவங்க சாமி விஷயம்மா."

பையன் அழவில்லை. உடுப்பை வாங்கி அந்த மூலையையே பார்த்தான். "டாடி கட்டினது. நூல் சுத்தின சுத்தெல்லாம் நான்தான் எண்ணினேன். நாளைக்கு எல்லாருக்கும் காட்டணும்" என்றான் ஆங்கிலத்தில். "சன்செட்டுக்கு முன்னாடி டாடி வரணும். அப்புறம் முடிச்சு போடக் கூடாது. முடிச்சும் வேலைதான்."

வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் மறுநாள் இரவுவரை அவர்களுக்கு ஓய்வு நாள். போனைத் தொட மாட்டார்கள், பதினோரு மாடியும் படியேறிப் போவார்கள். லிஃப்டுக்குப் பயம் போல என்று முதலில் நினைத்திருந்தேன். ஒரு முடிச்சும் அந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாது. தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து வந்தேன். அவன் உடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நீங்க கூடாது, ஆன்ட்டி. அந்த நூலே வேற."

ஓமானில், சோஹாரில் வேலை சைட்டில் இருந்த கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

"பூணூல் மாதிரி ஏதாவது இருக்கும்டி. அதைப் போய் யாராவது நறுக்குவாங்களா?"

"பூணூல் நாலு பக்கமும் தொங்குமா? எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் கையில கத்தரிக்கோல் இருந்தா எதுதான் தொங்கும்?"

பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஷேக் சாயித் ரோட்டில் வண்டி நகரவில்லை என்றார். "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. இணைப்பு அறுந்தது. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு தகப்பனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் மகளைப் பற்றி யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால்?

மூவரும் பால்கனியில் நின்றோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. மகள் போனில் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "ஒன்பது நிமிஷம்." "ஏழு." பையன் கீழே எட்டிப் பார்த்தான். என் ஒரு கை அவன் காலரிலேயே இருந்தது. "ஆன்ட்டி, டாடி ஓடி வர்றார்" என்றான் திடீரென்று. டாக்ஸியைச் சிக்னலிலேயே விட்டுவிட்டார்கள். அவர் மனைவி, சூரியன் மறையும் முன் ஓய்வு நாள் விளக்கை ஏற்ற நேராக மேலே போய்விட்டார்.

வாசலில் நின்ற பையனின் அப்பாவுக்குச் சட்டை முழுக்க வியர்வை. முதலில் மகனின் தலை, தோள், கை என்று தொட்டுப் பார்த்தார். பிறகுதான் நான் உடுப்பை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். நறுக்கிய நூல்களைச் சேர்த்துப் பிடித்து, விரலில் சுற்றி ஒரு சுருக்குப் போட்டுப் பார்த்தார். சுருக்கு விழுந்தது. பிரித்துவிட்டார்.

"சுருக்குப் போடும் அளவுக்கு மிச்சம் இருந்தால் போதும். இது செல்லும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்" என்றார் மகனிடம். அவன் அங்கேயே சட்டையைக் கழற்றி உடுப்பை மாட்டத் தொடங்கினான்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடவுளின் கட்டளைகளைப் பார்த்து நினைவு வைத்துக்கொள்ளத்தான் இந்த நூல்கள், மேடம். இந்த மூலையைப் பார்த்தால் இனி உங்கள் நினைவும் வரும்."