எட்டாவது துணி

முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவருக்கு ஒரு காரின் இன்ஜினைத் துடைக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படித்தான் அந்த டிரைவர் நினைத்தார். நினைத்ததோடு விட்டாரா, பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்தார். "வண்டி என் கைக்கு வந்துட்டா அப்புறம் பயமே வேண்டாம்" என்பது அவருடைய பல்லவி. மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புகிறாள். ஆறு மணி நேரப் பயணம், அதில் பாதி மலைப்பாதை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கார் கடைக்கும் ஆஸ்பத்திரிக்குமாகப் போய்வந்ததே தவிர, சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் ஓடியதில்லை. மகளைத் தடுக்க அவருக்கு மனமில்லை. ஆனால் மலைப்பாதையில் அந்த வண்டி தாங்குமா என்ற கவலை இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், சனிக்கிழமை காலை இன்ஜினைப் பளபளவென்று துடைத்து அனுப்புவது என்று முடிவு செய்தார். எண்ணெய்க் கசிவோ, குழாயில் விரிசலோ, அழுக்கு போனால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்.

மனைவிக்கு அன்று விடுமுறை. "நானும் வரேன்" என்று கார் ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். விடியுமுன் போவாள், மூக்கின் மேல் முகமூடி அழுத்திய கோட்டோடு திரும்புவாள். "இன்னைக்கு என்ன ஆபரேஷன்?" என்று கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்பதோடு சரி. பஸ் டிரைவரின் வேலையை ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. அவள் வேலையைப் பார்ப்பவர்கள் அந்த அறைக்குள் இருக்கும் ஐந்தாறு பேர், அவர்களிலும் ஒருவர் மயக்கத்தில் கிடப்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தன் மனைவி வேலை செய்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டு வந்த மிச்சம்தான். எதையும் எண்ணுவாள். கழுவிய கரண்டிகளை எண்ணித்தான் டிராயரை மூடுவாள். வெளியூர் கிளம்பினால் பெட்டிகளை வாசலில் ஒருமுறை, வண்டியில் ஒருமுறை, இறங்கிய இடத்தில் ஒருமுறை எண்ணுவாள். மகளுக்கு அதில் தாங்க முடியாத எரிச்சல். "மூணு பெட்டிம்மா. காலா முளைச்சிருக்கு, நடந்து போக?" என்பாள். டிரைவர் தன் பங்குக்கு மனைவிக்குக் 'கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று ஷெட்டில் அவர் முதல் காரியமாகத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்ஜின் சூடா இருக்கா?" என்றாள் அவள்.

"இப்பத்தான் பால் வாங்கிட்டு வந்தேன். கொஞ்சம் இருக்கும்."

"அப்ப ஆறட்டும். தண்ணி படக்கூடாத இடம் எது எதுன்னு காட்டுங்க."

அவர் காட்டினார். ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் வாய், தீப்பொறி தரும் காயில். சொல்லச் சொல்ல அவருக்கே உறைத்தது. இத்தனையும் வைத்துக்கொண்டா போன தடவை குழாயால் பீய்ச்சினோம் என்று நினைத்தவர், குழாயைச் சத்தமில்லாமல் சுருட்டி மூலையில் போட்டார்.

இன்ஜின் கைபொறுக்க ஆறியதும், பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். அவள் நாலு பிளாஸ்டிக் பைகளை நாலு இடத்திலும் போர்த்தி ரப்பர் பேண்டால் இறுக்கினாள். துடைக்கவேண்டிய இடம் மட்டும் வெளியே தெரிய, மற்றதெல்லாம் மறைந்தது. பிறகு ஓர் அட்டையைக் கிழித்து எழுதினாள்: துணி 7, பிரஷ் 3, பை 4, ரப்பர் பேண்ட் 4.

"இது என்ன, லாண்டரிக் கணக்கா?" என்றார் அவர்.

"உள்ளே போறதெல்லாம் வெளிய வரணும்ல" என்றாள் அவள், சாதாரணமாக.

வேலை ஆரம்பித்தது. முதலில் உலர்ந்த பிரஷால் தூசி. அடுத்து கிரீஸ் எடுக்கும் திரவத்தைத் தெளித்து, ஊறவிட்டு, தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது. கரியாக அப்பியிருந்த மேல்மூடியில் அலுமினியம் எட்டிப்பார்த்தது. மூடியில் எழுத்துகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. டிரைவர் குனிந்தபடி கையைப் பின்னால் நீட்டினார். என்ன வேண்டும் என்று வாய் திறக்குமுன் சின்ன பிரஷ், கைப்பிடி முன்னால் வர, உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அடுத்த தடவை நீட்டினார், துணி வந்தது. அப்போது அவருக்குத் துணிதான் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ கண்டக்டர்களோடு ஓட்டியிருக்கிறார். இப்படி ஓர் ஆள் கூட நின்றதில்லை. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற தன் மனைவியா இவள் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

அழுக்கான துணியை அவர் தரையில் வீச, அவள் எடுத்து விரித்து, செய்தித்தாளின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். சுருட்டி எறிந்தால் இரண்டு ஒன்றாகத் தெரியுமாம்.

எல்லாம் முடிந்து உலர்ந்ததும் பைகளை எடுத்தார்கள். பை நாலு, ரப்பர் பேண்ட் நாலு, பிரஷ் மூன்று. துணியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எட்டு.

மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

"ஒண்ணு கூடவா? லாபம்தானே. மூடிடலாம்" என்று பானெட்டில் கை வைத்தார் அவர்.

"மூடாதீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவர் கை நின்றுவிட்டது. எப்போதோ டீக்கடையில் கேட்ட ஒரு பேச்சு அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் யாருடைய புருஷன் என்று தெரியாமலே ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் அவரிடம் சொன்னது. பெரிய டாக்டர் தையல் ஊசியோடு நிற்கிறாராம், பஞ்சுத்துணி ஒன்று குறைகிறதாம், ஒரு சிஸ்டர் "மூடாதீங்க சார்" என்றாளாம். டாக்டர் கத்தியிருக்கிறார், அவள் அசையவில்லை. கால்மணி நேரம் தேடி, உள்ளே இருந்து எடுத்தார்களாம். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

எட்டாவது துணி பாட்டரிக்குக் கீழே வயர்களுக்குள் செருகிக் கிடந்தது, துடைக்கும்போது அழுக்கோடு அழுக்காக அவரே அதை இழுத்துப் போட்டிருக்கிறார். அவள் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசினாள். கறுப்பு கரைய, சாம்பல் நிறம் வந்தது. ஓரத்தில் ஒரு பட்டன்.

அவருடைய பழைய சீருடைச் சட்டையின் கை. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே இன்ஜினைத் துடைக்கத் தானே கிழித்தது.

"மெக்கானிக் விட்டிருப்பான். போன வருஷம் பாட்டரி மாத்தினான்ல" என்றது அவர் வாய். இத்தனை வருஷப் பெருமையை ஒரு பட்டனுக்காக விட்டுக்கொடுக்க அதற்கு மனம் வரவில்லை.

அவள் சந்தேகப்படவில்லை. "அப்ப அவருக்குப் போன் போடுங்க. எத்தனை துணி கொண்டு வந்தார்னு கேக்கணும்."

"அதான் கெடைச்சுடுச்சே."

"கூடினாலும் கணக்கு தப்புதாங்க. ஒண்ணு கூடுதுன்னா, முன்னாடி யாரோ எண்ணாம மூடியிருக்காங்கன்னு அர்த்தம். எண்ணாம மூடினவங்க ஒண்ணே ஒண்ணுதான் விட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு இதுல போறது நம்ம பொண்ணு."

அவர் போனைக் கையில் எடுத்தார். எண்ணைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தடவினார். மேல்மாடியில் மகள் பெட்டியை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"என்னோடது" என்றார். "என் பழைய யூனிஃபார்ம். மெக்கானிக் பாவம், அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான் விட்டிருக்கேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் ஈரத்துணியைச் செய்தித்தாளில் வைத்துச் சுருக்கம் நீவினாள்.

"முதுகுத் துணியும் முன்பக்கம் ரெண்டும் வீட்டுல தரை துடைக்கிற வாளியில கிடக்கு, பார்த்திருக்கேன்" என்றாள். "கையை நான் பார்த்ததே இல்லை. சட்டைக்கு ரெண்டு கைங்க."

அவர் டார்ச் எடுக்க உள்ளே போனார்.

டார்ச்சோடு அவளுடைய சின்ன முகக்கண்ணாடியும் வந்தது. அவர் காருக்கு அடியில் படுத்தார், அவள் மேலிருந்து கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முக்கால்மணி நேரம் போனது. "இல்லைம்மா, தூக்கிப் போட்டிருப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னார். "இருக்கலாம். இன்னும் இந்தப் பக்கம் பாக்கலை" என்று இரண்டு தடவையும் ஒரே மாதிரி பதில் வந்தது.

இன்ஜினுக்குப் பின்னால், சைலன்சருக்குப் போகும் குழாயின் மேல் ஒரு தகரத் தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே, கண்ணாடியில் ஒரு நூல் தெரிந்தது. "அசையாதீங்க" என்றாள். நீண்ட குறடை உள்ளே விட்டு, நிதானமாக, மூச்சுக்கூட விடாமல் இழுத்தாள். மேல்பாதி சாம்பல் நிறத்திலேயே இருந்தது. குழாயைத் தொட்ட பாதி தீய்ந்து கறுத்து, வெளியே வந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எண்ணெய் ஊறிய துணி.

டிரைவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, உதிர்ந்த கரியைக் குனிந்து பார்த்தார். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதற்கே இவ்வளவு. நாளைக்கு ஆறு மணி நேரம், மலை ஏற்றம், உள்ளே தனியாக மகள். மெக்கானிக் என்ற பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் மெக்கானிக் ஒன்றும் விடவில்லை என்றிருப்பான், நாமும் சரி மூடு என்றிருப்போம். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் காலையில் போய் முன்பின் தெரியாத யார் யாருக்கோ இதைச் செய்துவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டில் கரண்டியை எண்ணிக்கொண்டிருந்தவள். அதற்குத்தான் அவர் பெயர் வைத்துச் சிரித்தார்.

பாட்டரி வயரை மாட்டி, பானெட் திறந்தபடியே இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டார்கள். சீராக ஓடியது. அணைத்ததும் அவள் அட்டையை எடுத்தாள்.

"உள்ளே போனது ஏழு, முன்னாடி இருந்தது ரெண்டு. ஒன்பது. பிரஷ் மூணு, பை நாலு, ரப்பர் பேண்ட் நாலு, கண்ணாடி, டார்ச், குறடு. கணக்கு சரி. மூடலாம்."

"நீயே மூடு" என்றார் அவர்.

மகள் பெட்டியோடு இறங்கி வந்தாள். சுத்தமாக இருந்த ஷெட்டையும், செய்தித்தாளின் மேல் தீய்ந்து கிடந்த துணியையும் பார்த்தாள். "என்னம்மா இது?"

"துணி. ரெண்டு கூடுதலா கிடைச்சுது" என்றாள் தாய், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"என்னோடது" என்றார் டிரைவர். இந்தத் தடவை அது தடங்கலில்லாமல் வந்தது. "ஒன்றரை வருஷம் முன்னாடி நான் உள்ளேயே விட்டுட்டேன். குழாய் மேல கிடந்து எரிஞ்சிருக்கு. என் கைக்கு வந்த வண்டிக்குப் பயமில்லைன்னு சொல்லுவேன்ல, அதை இனிமே நம்பாதே. உங்கம்மா எண்ணிட்டாங்க. இப்ப நீ போகலாம்."

மகள் குனிந்து கருகிய ஓரத்தைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டிக்கொண்டது.

"அம்மா" என்றாள். "காலைல என் பெட்டியெல்லாம் நீயே எண்ணி ஏத்தும்மா."