கழுத்தில் தொங்கிய பெயர்கள்

கம்பெனி பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டுக்காரர். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து யார் பெயரும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தையல் போட்ட இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. தினமும் எங்கள் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் குனிந்து படித்து, பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். பிறகு வழியெல்லாம் அந்தப் பெயர்களையே முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

ஒருநாள் குறும்புக்காக, ‘சேகர்’ என்ற என் கார்டைப் பின்சீட்டு பாபுவிடம் கொடுத்துவிட்டு அவனுடையதை மாட்டிக்கொண்டேன்.

“இன்னா பாபு, சாப்ட்டியா?” என்றார் என்னிடம். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஒரகடத்தில் இறங்கும்போது என் தோளைத் தட்டினார்.

“சேகரு, கார்டை மாத்திக்கினு உள்ள போ. கேட்ல செக்யூரிட்டி என்னாட்டம் சும்மா வுடமாட்டான்.”

மறுநாளும் அவர் குனிந்து என் கார்டைப் படித்தார். அதில் இருப்பது என் பெயர்தானா என்று நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.