கோப்பி மெஷினடியில் பார்த்த ஆட்டங்கள்

எனக்கும் விளையாட்டுக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒத்துவராது. இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும்போது, எங்கள் இல்லம் முதலாவதா கடைசியா என்றுகூடத் தெரியாமல், ஐஸ்பழக்காரர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அப்படிப்பட்டவள் இன்று ஹோர்சன்ஸ், வைலே என்று எங்கள் பக்கத்து டெனிஷ் ஊர்களிலுள்ள விளையாட்டு மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் போய் வந்திருக்கிறேன். எந்த மண்டபத்தில் கழிப்பறை எங்கே, எந்த மண்டபத்துக் கோப்பியை வாயில் வைக்க முடியாது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

இதற்குக் காரணம் பாதி என் மகள், பாதி என் கணவர். மகள் ஹாண்ட்போல் விளையாடுகிறாள். கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. அவள் கோல் காப்பவள். கணவர் எதுவும் விளையாடுவதில்லை. அவர் கிரிக்கெட் பார்ப்பவர். அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது, அவரும் அவருடைய சிநேகிதர்களும் எந்தக் கதிரையில் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். ஆடுகளத்தில் இரண்டு பேர் நின்று நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் கால் மாற்றிப் போட்டாலும் குற்றம். ஒருமுறை ஒரு சிநேகிதர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துச் சிக்ஸர் பறந்தது. அவரை வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாவம் மனிதர், கதவுக்குப் பின்னால் நின்றே ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போன ஒரு நாள் விக்கெட் விழுந்தது. வடையோடு போன இன்னொரு நாளும் விழுந்தது. அத்தோடு என் ராசி என்ன என்பது முடிவாகிவிட்டது. அதன்பிறகு தட்டை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். யாராவது கையை மட்டும் நீட்டி இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. குசினிக்குள் இருந்து நிம்மதியாக நாடகம் பார்த்தேன்.

மகள் சின்ன வயதில் ஹாண்ட்போலில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் கணவருக்குக் களஞ்சியசாலையில் வேலை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், என் முறையை வேறொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இங்கே பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட முடியாது. தாய் தகப்பன்மார் முறை வைத்துக் கார் ஓட்ட வேண்டும், கேக் செய்து விற்க வேண்டும், அணியின் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்க்க வேண்டும். பந்து கையில் பிடிபடுவதற்காக இவர்கள் ஒரு பிசின் பூசுவார்கள். அது கதவுப்பிடி, கார் இருக்கை, தலைமயிர் என்று எல்லாவற்றிலும் ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசினால் அது விட்டுவிடும் என்று கண்டுபிடித்தவள் நான். டெனிஷ் தாய்மாரிடம் எனக்கு மதிப்பு வந்ததே அதனால்தான்.

மகள் முதன்முதலாகக் கோலில் நின்ற நாளை மறக்க முடியாது. எதிரணிப் பிள்ளை ஒன்று, என்னைவிட உயரம், பாய்ந்து வந்து கிட்டத்தில் நின்று என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எறிகிறது. இவள் விலகவில்லை. கையையும் காலையும் விரித்துக்கொண்டு பந்துக்கு முன்னால் பாய்கிறாள். எறிகிற பொருளைக் கண்டால் விலக வேண்டும் என்ற புத்திகூட இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டேனே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே ஒரு கோப்பி மெஷின் இருந்தது. கோப்பை நிரம்புவதற்குள் உள்ளே மண்டபமே இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாம் என் மகளின் மேல் விழுந்து கிடக்கிறார்கள். கடைசிப் பந்தை அவள் தடுத்துவிட்டாளாம். வென்றுவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் எந்த நேரம் எழுந்தேன், எந்தக் கதவால் போனேன், கோப்பியைக் குடித்தேனா இல்லையா என்று பொலிஸ்காரர் மாதிரி விசாரித்தார். விசாரித்து முடித்துத் தீர்ப்பும் சொன்னார்.

"இனி இறுக்கமான நேரத்தில நீர் வெளியில போய் நிண்டிடும். உள்ளுக்கு இருந்து பிள்ளையின்ர விளையாட்டைக் கெடுக்காதையும்."

படித்த மனிதர், இப்படியும் ஒரு கதை கதைப்பாரா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை, ஒரு கோல் வித்தியாசத்தில் நின்றபோது, கால்கள் தாமாகவே வாசலுக்குப் போயின. அன்றும் வென்றார்கள். என் பயத்துக்கு மரியாதையான ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து நான் அவருக்குப் போனில் ஸ்கோர் அனுப்புவேன், அவர் எனக்குக் கட்டளை அனுப்புவார்.

இப்படித்தான் நான் பெரிய பெரிய ஆட்டங்களை எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது சும்மா இல்லை. போகப் போகச் சத்தத்தை வைத்தே எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. பந்து கம்பத்தில் பட்டால் 'டங்' என்று வரும். வலைக்குள் போனால் பந்தின் சத்தமே இராது, சனத்தின் சத்தம்தான். மகளின் காலில் பட்டால் ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம். அது கேட்டால் நான் அந்த இடத்திலேயே ஒருமுறை துள்ளுவேன். எங்கள் சனம் கொண்டுவரும் மேளம் ஆரவாரத்துக்கு முதலில் அடித்தால் கோல் எங்களுக்கு, ஆரவாரத்துக்கு ஒரு கணம் பிந்தி அடித்தால் அவர்களுக்கு. ஒருமுறை வைலேயில் ஒரு மண்டபம். கோப்பி மெஷின் வைக்கிற முன்கூடமே அதற்கு இல்லை, கதவைத் திறந்தால் கார் விடும் இடம். பனி கொட்டுகிறது. ஜாக்கெட்டை உள்ளே ஆசனத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். உள்ளே சமநிலை. திரும்பிப் போனால் தோற்றுவிடுவார்களே என்று, மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு கதவில் காதை வைத்து நின்றேன். அந்த ஈரத்துணிச் சத்தம் வந்தது. பிறகு மேளம். அந்தப் பனிக்குள் தனியாக நின்று கைதட்டினேன். நாயோடு நடந்துபோன ஒருவர் என்னைப் பார்த்துத் தானும் மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இன்னொரு முறை, அணியிலுள்ள ஒரு பெண்ணின் டெனிஷ் தாய் என் பின்னால் வந்து, எனக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தன் புருஷன் அணி வென்றுகொண்டிருக்கும் காலம் முழுவதும் ஒரே காலுறையைத் தோய்க்காமல் போடுவான் என்றாள். அன்று முதல் அவளும் நானும் நல்ல சிநேகிதம்.

இந்த வசந்தத்தில்தான் எல்லாவற்றுக்கும் முடிவு வந்தது. மகளுடைய அணி மேல் பிரிவுக்குப் போவதா இல்லையா என்பது ஒரே ஒரு ஆட்டத்தில் வந்து நின்றது. வைலே அணியை வெல்ல வேண்டும், சமநிலை போதாது. அதற்கு முந்திய கிழமை பயிற்சி முடிந்து காரில் வரும்போது, மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்க அவள் டெனிஷில் பதில் சொல்வாள். மிகவும் முக்கியமான விஷயம் என்றால்தான் அவளுக்குத் தமிழ் வரும். அன்று வந்தது.

"அம்மா, நான் பந்தைத் தடுத்தாப் பிறகு உங்கட இடத்தைத்தான் பாக்கிறனான். ஒவ்வொருக்காவும் உங்கட ஜாக்கெட் மட்டும்தான் இருக்கு."

ஆட்டம் பிடிக்காமல் நான் எழுந்து போவதாக அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். எனக்கு ஐயோ என்று இருந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ராசிக் கதையை ஆதியிலிருந்து அவிழ்த்தேன்: வடை, விக்கெட், கோப்பி மெஷின், பனிக்குள் நின்றது எல்லாம். கேட்கக் கேட்க அவளுக்கு முகம் சிவந்தது.

"அப்ப பந்தைத் தடுக்கிறது நானோ, உங்கட கோப்பியோ?"

அவளுடைய முழங்காலில் கன்றிப்போயிருந்த நீலத் தடத்தைப் பார்த்தேன். அது என் கோப்பியால் வந்ததல்ல. அடுத்த ஆட்டத்தில் கடைசிவரை உள்ளே இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் பிசின் ஒட்டிய கையால் வானொலியைப் போட்டாள். அதன் திருகியில் அந்தப் பிசின் இன்னும் இருக்கிறது.

ஆட்டத்தன்று கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மகளுடைய பெரிய ஆட்டம் ஒன்றை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விடியற்காலையிலேயே எழுந்து முகம் மழித்து, கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வாசனையெல்லாம் பூசியிருந்தார். எங்கள் மண்டபம்தான். சனம் நிறைந்து, சிறுவர்கள் அட்டை விசிறிகளைக் கையில் அடிக்கிற சத்தத்தில் காது அடைத்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

என்ன ஆட்டம் அது! முன்னே ஒருதரம், பின்னே ஒருதரம், சமநிலை ஒருதரம் என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மகள் தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் நான் எழுந்து கத்தினேன். எனக்கு முன்னால் இருந்தவர் குனிந்தே இருக்கப் பழகிவிட்டார். இவ்வளவு காலமும் சத்தமாக மட்டும் கேட்டது, இப்போது கையும் காலும் முகமுமாகத் தெரிந்தது. பந்து வருவதற்கு முன் அவள் இரண்டு கம்பங்களையும் தட்டுவாள் என்பதும், அவளுடைய உதடு ஏதோ முணுமுணுக்கும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

நாங்கள் ஒரு கோல் முன்னால் நிற்கையில் நேரம் முடிந்து மணி ஒலித்தது. நான் துள்ளி எழுந்தேன். ஒருவரும் எழவில்லை. மணிக்கு ஒரு கணம் முன்னால் எங்கள் பெண் ஒருத்தி எதிரணிப் பெண்ணைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். நடுவர் ஏழு மீற்றர் கோட்டைக் காட்டினார். நேரம் முடிந்தாலும் அந்த ஒரு எறி உண்டு. எறிகிற பெண்ணும் என் மகளும் மட்டும். தடுத்தால் மேல் பிரிவு. விட்டால் சமநிலை, எல்லாம் போயிற்று.

காலுறைக்காரனின் பெண்சாதி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கணவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"இஞ்சரும், ஒருக்கா வெளியில போமன். இந்த ஒருக்கா மட்டும்."

"நான் போகேல்லை. கடைசிவரை இருக்கிறன் எண்டு அவளுக்குச் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார். கோலில் நின்ற மகளைப் பார்த்தார். யாராவது ஒருவர் போகத்தானே வேண்டும் என்பதுபோல எழுந்து, ஜாக்கெட்டை ஆசனத்தில் போட்டுவிட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு கதவால் வெளியே போனார். லீவு எடுத்து வந்த மனிதர். கிரிக்கெட்டில் ஒரு பந்தையும் தவறவிடாதவர்.

நான் கண்ணை மூடவில்லை. மகள் இரண்டு கம்பங்களையும் தட்டினாள். எறிகிற பெண் மேலே பார்த்து, கையை ஓங்கி, எங்களையெல்லாம் ஏமாற்றி இடுப்பு உயரத்துக்கு எறிந்தாள். மகளின் இடது கால் பக்கவாட்டில் எழும்பியது. என் பிள்ளையின் கால் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஈரத்துணிச் சத்தம் கேட்டது. பந்து கூரைப் பக்கம் பறந்தது.

நான் ஆசனத்தின் மேல் ஏறி நின்று தமிழில் என்னென்னவோ கத்தினேன். அழுதேன் என்றும் பிறகு சொன்னார்கள். பெண்கள் எல்லாரும் மகளின் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, அவள் எங்கள் வரிசையைத் தேடினாள். என்னைக் கண்டாள். அப்படி ஒரு சிரிப்பு. பிறகு பக்கத்தில் கிடந்த ஜாக்கெட்டைக் காட்டி, அப்பா எங்கே என்று கையை விரித்தாள்.

நான் வெளியே ஓடினேன். கணவர் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, கையில் நிறைந்த கோப்பையோடு நின்றார். மேளம் முதலில் அடித்ததா பிந்தி அடித்ததா என்று பிரித்தறிய அவருக்கு எங்கே தெரியும். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். வென்றுவிட்டார்கள் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. எந்தப் பக்கம் எறிந்தாள், கையால் தடுத்தாளா காலால் தடுத்தாளா, எந்தக் கால், எவ்வளவு உயரம் என்று, விளையாட்டே தெரியாத என்னிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டார்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கோப்பி மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குளிர்காலச் சப்பாத்தோடு இடது காலைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினேன். போகிற வருகிற சனம் நின்று பார்த்தது. வியர்வையும் பிசினுமாக மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னையும் என் காலையும் ஒரு கணம் பார்த்தாள்.

"இன்னும் மேல, அம்மா" என்றாள்.

நான் இன்னும் மேலே தூக்கினேன்.