சிக்கனம் தைத்த துணி

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது எங்கள் தையல் லைன்தான். தீர்ந்துபோன பேஸ்ட் டியூபைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்துப் பல் துலக்குகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? 'சிக்கனம்' என்றால் திரும்பிப் பார்ப்பாள். கோபமும் வராது, சிரிப்பும் வராது. சட்டை கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின். நான் காலர் தைப்பேன், அவள் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், எப்போதாவது வந்து தலையைக் காட்டுவான். வீட்டில் அவளும் ஒன்பதாவது படிக்கும் மகளும்தான். அவள் வாய் ஓயாமல் பேசுவது அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தான். பெண்ணும் அப்படித்தான். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுவரை அம்மாவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் தூங்கும்.

கட்டிங் மேஜையில் மிஞ்சும் துண்டுகளை மூட்டை கட்டி வாசலில் போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் கரித்துணிக்கு எடுப்போம். சிக்கனம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, மடித்து, நாலு ஓரமும் தைத்து, மாதா மாதம் வைத்துக்கொள்ளத் தயார் செய்வாள். "இதுக்குப் போயி கடைல காசைக் கொட்டுவாங்களா?" என்பாள். தையலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு நேர்த்தி. லைனில் பாதிப் பேருக்கு அவள் தைத்த துணிதான். மகள் பெரியவளானதும் அவளுக்கும் அதையே கொடுத்தாள்.

சுருக்கம் விழாமல் இருக்க மருந்து ஏற்றிய துணி அது. எங்களுக்குத் தெரியாததா? தொட்டால் விரலில் நெடி ஒட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். கழுவிவிட்டு அதே துணியை வைத்துக்கொண்டு போய் மிஷினில் உட்காருவோம். கைக்கு ஆகாதது அங்கே மட்டும் ஆகுமா என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே! எல்லாருக்கும்தான் அரித்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்து அவரவர் மூச்சு விடாமல் இருந்தோம்.

மகள் மட்டும் சொன்னாள். "எரியுதும்மா."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

அடுத்த மாதமும் சொன்னாள். "இந்தத் துணி வேணாம்மா. கடைல வாங்கிக் குடும்மா."

"எனக்கில்லாத எரிச்சல் உனக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?" என்று வாயடைத்துவிட்டாளாம் சிக்கனம். அவளுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கடுத்த மாதம் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஜுரத்தோடு வகுப்பில் சுருண்டுவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்தார். "தோல் வெந்து புண்ணாகி, சீழ் வெச்சிருக்கு. என்னம்மா வெச்சீங்க?"

சிக்கனம் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தார்.

"எங்க காயப்போடுவீங்க?"

"கட்டிலுக்கு அடில. யாரும் பாக்காம."

"துணி வெக்கிறது தப்பில்ல. சாயம், மருந்து எதுவும் இல்லாத பருத்தித் துணியா இருக்கணும். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயில்ல காயணும். பேடு வாங்கினா வாசனை போடாததா வாங்குங்க. எதுவா இருந்தாலும் நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்தணும். எரிஞ்சா உடனே வந்து காட்டணும். பழகிடும்னு விடுவாங்களா?"

"துவைச்சுத்தான் குடுத்தேன்" என்றாள் சிக்கனம். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புண் ஆறிவிட்டது. லைனில் நான்தான் வாயைத் திறந்தேன். "எனக்கும்தான்", "ஐயோ, எனக்கும்தான்" என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள், சிரிப்புகூட வந்தது. சிக்கனத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மிச்சத் துணியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து சட்டைக்குக் கை வைத்தாள். சாயங்காலம் கடைக்குப் போய் வாசனை போடாத பேடு கேட்டு வாங்கினாள், இருப்பதிலேயே பெரிய பாக்கெட்டாக. மகளின் அலமாரியில் வைத்தாள்.

பெண் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள். அம்மா ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறாள். மற்றபடி பேச்சில்லை.

சில மாதம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் நானாகக் கேட்டேன். "பொண்ணுக்கு இப்ப மாசா மாசம் ஒழுங்கா வருதாடி?"

"வரலைங்கிறா."

"இத்தனை மாசமாவா? டாக்டர்கிட்ட காட்ட வேணாமா?"

நான் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தேன். அவள் டப்பாவை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வருதுக்கா. எங்கிட்ட சொல்றதில்ல. நான் வெச்ச பாக்கெட்டு பிரிக்காம அப்படியே இருக்கு. அவளே எங்கயோ வாங்கிக்கிறா."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். வரலம்மான்னா. சரிம்மான்னுட்டேன்."

டப்பாவை மூடினாள். "நல்லதாத்தான் வாங்குறாக்கா. வாசனை போடாதது. குப்பைல கிடந்த கவரை எடுத்துப் பாத்தேன்."