சம்மனசூரில் தண்ணீர் நிற்பதில்லை

சம்மனசூரில் எந்த நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஊர் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, சாந்தோமில் ஒரு சந்துக்குள், மரியதாஸ் சார் வீட்டின் உள்ளறையில் இருந்தது. மேல் மாடியில் குடியிருக்கும் எனக்குக் காலையில் ஒரு அண்டா நிறைந்தால் அதுவே பெரிய விஷயம். எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது என்று போய் நின்றால், "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா ஸ்வர்ணா, பாக்கலாம்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சம்மனசூர் நீரேற்று நிலையத்துக்கு எண்ணெய் விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஒரு நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த நகராட்சி என்று சொல்ல மாட்டேன். பாவம், மனுஷன் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் வீட்டு வரைபடத்தில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய கை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. மனைவி ஐரின் டீச்சரின் சமையலறைக்குப் போய் அலமாரியின் உயரத்தைக் குறை சொல்லிப் பார்த்தார். டீச்சர் கரண்டியைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

பிறகுதான் கிறிஸ்துமஸ் குடில் அவர் கையில் சிக்கியது. எங்கள் சந்தில் டிசம்பர் வந்தால் கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் குடில் வைப்பார்கள். சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னதால் மாதா பிள்ளை பெற்ற, வைக்கோல் கூரை போட்ட ஒரு மாட்டுக்கொட்டகை, உள்ளே மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். சார் முதல் வருடம் கொட்டகைக்கு ஒரு சாலை போட்டார். சாலை என்று வந்தபின் விளக்கு வேண்டாமா? விளக்கு என்றால் மின்சார நிலையம். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? ஆகவே சாலைக்கு அடியில் பிளாஸ்டிக் குழாயில் வடிகால். இப்படியே போய் அடுத்தடுத்த வருடங்களில் அது ஒரு ஊராகிவிட்டது. குடியேற்ற ஆள் வேண்டுமே என்று தேவதூதர்களைக் குடிவைத்தார். அவர்கள் வழக்கத்தில் தேவதூதருக்குச் சம்மனசு என்று பெயர். அதனால் ஊர் சம்மனசூர் ஆயிற்று.

ஊர்வாசிகளுக்கெல்லாம் இறக்கை உண்டு. ஆகவே வீடுகளுக்கு வாசற்கதவு மொட்டை மாடியில் இருக்கும். தபால்பெட்டியும் அங்கேதான். பஸ் நிறுத்தம் கூரைக்கு மேல். படிக்கட்டு, வெளியூரிலிருந்து வரும் மனிதர்களுக்காக ஒப்புக்கு ஒன்று. கோபுரங்கள் மாதா கோயில் மாதிரி ஊசியாக எழும்பி, நடுவில் எங்கள் தி.நகர் கடைகளைப் போலக் கண்ணாடிச் சுவராகி, கீழே வரும்போது வளைவு வளைவாக முடியும். ஜன்னல்களில் வண்ணக் காகிதம். காலையில் மூடுபனி வேண்டும் என்று, டீச்சர் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க வாங்கிய மெஷினைக் கோபுரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, விளக்கைப் போட்டுப் பனியைத் திறந்து விட்டால் அப்படியே வாய் பிளந்து நிற்கத் தோன்றும்.

குப்பைக்கு இரண்டு தொட்டிகள்: உதிர்ந்த இறகுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. தீயணைப்பு நிலையம், பத்துக் கட்டிலோடு பிரசவ ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் திரும்ப அகலமான பாதை. நடுவில் நகராட்சி அலுவலகம். அங்கே அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எத்தனை முறை போய்ப் பார்த்தபோதும் உட்கார்ந்தே இருந்தார். இதுதான் இந்த ஊரிலேயே பெரிய மாயம் என்று சாரிடம் சொன்னேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இந்தக் கோலாகலத்தில் மாட்டுக்கொட்டகைக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டமாகப் போயிற்று. வைக்கோல் கூரை தீ விபத்துக்கு வழி. குடியிருப்புப் பகுதியில் மாடும் கழுதையும் கட்டக் கூடாது. சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் இல்லை. சார் மனசாட்சிக்கு விரோதமாக எதையும் அனுமதித்ததில்லை. கடைசியில் கொட்டகையை ஊர் எல்லைக்கு வெளியே, பாத்ரூம் கதவோரம் தள்ளிவைத்தார். மாதாவும் சூசையப்பரும் அங்கே சிவனே என்று இருந்தார்கள்.

ஊர் முதலில் ஹால் மூலையில்தான் இருந்தது. மகள் ரெனிட்டாவுக்குக் கல்யாணமாகிப் பாலவாக்கத்துக்குப் போன கையோடு, சார் அதை அவள் அறைக்கு மாற்றினார். குழாய், மோட்டார், ஒயர் எல்லாம் பொருத்தியபின் பிரிக்க மனம் வரவில்லை. வருடம் முழுக்க அங்கேயே நின்றது. சுவருக்குச் சுவர் மேஜைகள். உள்ளே போக வேண்டுமானால் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, நடுவில் விட்டிருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்ட வேண்டும். சார் அப்படித் தலை நீட்டும்போது மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் உதிப்பதுபோல இருக்கும். வழுக்கைத் தலை வேறு.

போன வருடம் ரெனிட்டாவுக்குத் தலைப்பிரசவம். டிசம்பர் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் ஒருநாள் நான் புளிக்கரைசல் வாங்கக் கீழே போனபோது டீச்சர் ஆரம்பித்திருந்தார்.

"ஏங்க, வளைகாப்பு முடிஞ்சதும் பிள்ளையக் கூட்டிட்டு வரணும். ரூமைக் காலி பண்ணிக் குடுங்க."

"கூட்டிட்டு வா, யார் வேணாம்னா? ஹால்ல படுத்துக்கட்டும்."

"பச்சை உடம்புக்காரி ஹால்லயா? போறவங்க வர்றவங்க முன்னாடி உக்காந்து பால் குடுப்பாளா?"

"மூணு ராஜா திருநாள் வரைக்கும் குடில் இருக்கணும், ஜனவரில முடிஞ்சிரும். அப்புறம் பாக்கலாம் ஐரின்."

"பிரசவம் உங்க ராஜாங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

"இப்பப் பிரிச்சா பைப் லைன் மொத்தமும் போயிரும். ஊரே இருண்டு போயிரும்."

"எந்த ஊருங்க?" என்று டீச்சர் கேட்ட தொனியில் அதற்குமேல் அங்கே நிற்க முடியுமா? நான் புளிக்கரைசலை மறந்துவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன். இரண்டு வாரம் இதே பேச்சு. அவர் முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. முடியாது என்று சொல்லிவிட்டால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். பாக்கலாம் என்பவரை என்ன செய்வது?

நவம்பரில் ரெனிட்டாவே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் அறை வாசலில் நின்றாள். தவழ்ந்து போகிற உடம்பா அது? நானும் டீச்சரும் பின்னால் நின்றோம். சார் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்.

"அப்பா, நான் எங்கப்பா படுக்கிறது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அப்பாவிடம் சாக்லேட் கேட்கிற குரல். அவர் அதைவிடப் பிரியமாகப் பிரசவ ஆஸ்பத்திரியின் கூரையைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாரு, பத்துக் கட்டில். எல்லாமே காலி. உனக்காகத்தான் ரெடி பண்ணேன்."

தமாஷ்தான். ரெனிட்டா கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வந்ததும் பைக்கில் ஏறாமல் ஆட்டோ பிடித்துப் பாலவாக்கம் போய்விட்டாள். பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளைகாப்பு அங்கேயே நடந்தது. பிரசவமும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே என்று முடிவாயிற்று. சார் நிம்மதியாக, "பாத்தியா ஸ்வர்ணா, பிரச்சினை தானா தீந்துபோச்சு" என்றார். வாயில் வந்ததை நான் அன்று எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அரையாண்டு லீவு விட்டதும் டீச்சர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. என்னிடம் மட்டும், "சாம்பார் மிஞ்சினா அவருக்கும் கொஞ்சம் குடு" என்றார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பெண் குழந்தை பிறந்தது. சார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஊரைத் தனியாக விட முடியாது, மோட்டார் ஓடுகிறது என்று உடனே திரும்பிவிட்டார். இங்கே எங்கள் மோட்டார் ஓடாமல் நின்று ஒரு வாரமாகியிருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து பங்குக் கோயிலிலிருந்து குடில் போட்டிக்கு மார்க் போட வந்தார்கள். பங்குச் சாமியாரும் இளைஞர் சபைப் பையன்கள் இருவரும். காப்பி போட வீட்டில் ஆள் இல்லாததால் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். விளக்கு, பனி, பஸ், கால்வாய் எல்லாம் ஒன்றாக ஓடின. அந்தப் பையன்களில் கரையோரக் குப்பத்திலிருந்து வந்த ஒருத்தன், "இன்னா சார், செமையா கீது! எங்க ஏரியாவுக்கும் நீங்களே கமிஷனரா வந்துடுங்க" என்றான். சார் முகம் பூரித்தது. சாமியார் பாத்ரூம் பக்கம் திரும்பி மாட்டுக்கொட்டகையைப் பார்த்தார். மார்க் எழுதிக்கொண்டே எழுந்தார்.

"பேத்தி பொறந்திருக்காமே மரியதாஸ், சந்தோஷம். எங்க குழந்தை? ஆசீர்வதிச்சிட்டுப் போறேன்."

"பாலவாக்கத்துல ஃபாதர். சம்பந்தி வீட்டுல."

"ஏன், தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே?"

"இங்க இடமில்ல ஃபாதர்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. குப்பத்துப் பையன் முதலில் களுக்கென்று சிரித்தான், அப்புறம் கையால் வாயை மூடிக்கொண்டான். சாமியார் சிரிக்கவில்லை. சாரின் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என்ன முகத்தோடு நின்றார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மத்தியானம் கீழே தடதடவென்று சத்தம். இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். கோபுரங்கள் மூட்டையில் இருந்தன. குழாய்கள் வெட்டிய கீரைத்தண்டு மாதிரி வாசலில் கிடந்தன. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அட, எங்கே கிடைத்தது இவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால், சம்மனசூர் நீர்த்தேக்கத்தைத் திறந்து விட்டிருந்தார். மறுநாள் சுவருக்கு வெள்ளை அடித்தார். பரணில் இருந்த கட்டிலை இறக்கிப் போட்டார். கொசுவலை கட்டினார். அதற்குள் சபைப் பையன்கள் வந்து, முதல் பரிசு அவருக்குத்தான் என்று சொல்லி, சாப்பாடு சூடாக வைக்கும் ஒரு ஹாட் பேக்கைக் கொடுத்துவிட்டு, ஃபோட்டோ எடுக்க ஊர் எங்கே என்று கேட்டார்கள். ஊர் வாசலில் மூட்டையாக இருந்தது. அதையே ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நீயும் கொஞ்சம் வாயேன் ஸ்வர்ணா. ஐரின் என்ன சொல்லுவாளோ" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கம் புறப்பட்டார். எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஆட்டோவில் அந்த ஹாட் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, "அந்த ஜன்னல் பக்கம் தொட்டில் போட்டா காத்து நல்லா வரும், இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

சம்பந்தி வீடு எங்கள் வீட்டை விடச் சின்னது. ஒரு ஹால், ஒரே ஒரு அறை. ஹாலில் தையல் மெஷின், துணி மூட்டைகள், சுருட்டிய ஒரு பாய். சம்பந்தியம்மா துணி தைத்துக்கொடுக்கிறவர். அறைக்குள் ரெனிட்டா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். புருஷனைப் பார்த்து, "வாங்க" என்றார், அவ்வளவுதான். குழந்தையைச் சார் கையில் கொடுத்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த காரியத்தை மெதுவாகச் சொன்னார்.

"ரூமைக் காலி பண்ணிட்டேம்மா. ஒண்ணுமே இல்ல இப்ப. வெள்ளை அடிச்சு, கட்டில் போட்டு, கொசுவலை கட்டி எல்லாம் ரெடி. இப்பவே கிளம்பினாலும் சரி."

டீச்சர் கஞ்சி ஆற்றுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். ரெனிட்டா கட்டில் விளிம்பைத் தடவினாள்.

"அத்தைக்கு மூட்டு வலி இருக்குப்பா. இந்தக் கட்டில் அவங்களோடது. எனக்குக் குடுத்துட்டு ஹால்ல தரையில படுக்கிறாங்க. மெஷினையும் வெளிய போட்டுட்டாங்க. நான் கேக்கவே இல்லப்பா." அவள் குரலில் அப்போதும் கோபம் இல்லை. "நான் இங்கயே இருந்துக்கறேன்."

சார் குழந்தையின் தலையைச் சரியாகத் தாங்கியிருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என்கிட்ட நீ கேட்டியேம்மா" என்றார்.

"ஆமாப்பா, கேட்டேன்" என்று சொல்லி, அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.